சீன மூலிகையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? கருவிக்கு முன்னால் கரைப்பான்

முதுகலை வேதியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சீன மூலிகை ஒன்றில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் துறையில் எல்.சி.எம்.எஸ். கருவி இருக்கிறது. மூலிகையும் வாங்கியாயிற்று. மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, கருவியில் செலுத்தினால் போதுமா?"

போதாது. கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையையும் காட்டும் அந்தக் கருவி நன்றாகத்தான் வேலை செய்யும், பீக்குகளும் (பொருளுக்கு ஒன்றாக எழும் முகடுகள்) வரிசையாக வரும். ஆனால் கரைப்பான் எதை வெளியே கொண்டுவந்ததோ அதை மட்டும்தான் கருவி பார்க்கும். செடிக்குள்ளேயே தங்கிவிட்டதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. மூலிகை ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட முடிவுகள் கருவி இருக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தக் கரைப்பான், எவ்வளவு சூடு என்ற நான்கில் ஒன்றில் தவறினாலும், கோடி ரூபாய்க் கருவியும் தப்பான விடையை மிகத் துல்லியமாகக் கொடுக்கும். சீன மூலிகைகளின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மூன்றை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் சிங்ஹாவ். தாவரவியல் பெயர் ஆர்ட்டிமிசியா ஆனுவா. நம் ஊர் மாசிபத்திரி இருக்கும் அதே ஆர்ட்டிமிசியா இனத்தைச் சேர்ந்தது. 1967 மே 23 அன்று சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தத் தேதியை வைத்தே அதற்கு 523 திட்டம் என்று பெயர். 1969 தொடக்கத்தில் பெய்ஜிங்கிலிருந்த பாரம்பரிய மருத்துவக் கழகத்தின் தூ யோயோவிடம் மூலிகைப் பகுதியின் பொறுப்பு வந்தது. அவருடைய குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, அதிலிருந்து 640ஐத் தேர்ந்து தொகுத்தது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா ஏற்றிய எலிகளில் சோதித்தார்கள்.

சிங்ஹாவ் சாறு ஒரு சோதனையில் ஒட்டுண்ணியை 68 சதவீதம் கட்டுப்படுத்தியது. மறுபடி செய்து பார்த்தபோது 40, 12 என்று சரிந்துவிட்டது. இந்த இடத்தில் சாதாரணமாக எல்லோரும் "இந்த மூலிகை வேலைக்கு ஆகாது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தூ யோயோ பழைய நூல்களுக்குத் திரும்பினார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங் என்ற மருத்துவர் எழுதிய அவசர சிகிச்சைக் கையேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன அளவை) தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, அந்தச் சாற்றை முழுவதும் குடிக்க வேண்டும். மற்ற மூலிகைகளைப் போலக் காய்ச்சச் சொல்லவில்லை. அப்படியானால் சூடுதான் காரியத்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, கொதிநிலை வெறும் 35 டிகிரி அளவில் உள்ள ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். வந்த சாற்றை அமிலப் பகுதி, நடுநிலைப் பகுதி என்று இரண்டாகப் பிரித்தார். அமிலப் பகுதியில் நச்சு இருந்தது, பலன் இல்லை. நடுநிலைப் பகுதியில்தான் மருந்து இருந்தது. 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் எண் மாதிரி எலிகளில் நூறு சதவீதப் பலன் கொடுத்தது. 1972இல் படிகமாகவே தனித்துக் கிடைத்தது: உருகுநிலை 156 முதல் 157 டிகிரி, 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன், மூலக்கூறு எடை 282. அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் அதற்காக நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "கொதிக்க வைத்தால் ஆர்ட்டிமிசினின் அழிந்துவிடும்" என்று முடிப்பார்கள். வேதியியல் படிப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உருகுநிலைக்கு மேலே சூடாக்கினாலும் சிதையாமல் உருகக்கூடிய படிகம் அது. தொழிற்சாலைகளில் இளஞ்சூடான பெட்ரோலியம் ஈதரிலோ ஹெக்சேனிலோதான் இன்றும் அதை எடுக்கிறார்கள். கஷாயத்தில் அது வராததற்கு முக்கியக் காரணம் கரைதிறன். ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. ஈதர் முனைவுத்தன்மை குறைந்த (தண்ணீரைவிட எண்ணெயோடு ஒத்துப்போகும்) கரைப்பான் என்பதால் அதைச் சுலபமாக இழுத்துக்கொண்டது. கூடவே தண்ணீரில் கரையும் சர்க்கரைகளையும் டானின்களையும் செடியிலேயே விட்டுவிட்டது. 1973இல் யுன்னானில் லுவோ ஸேயுவான் தனியாக இதே பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் அங்கே பெட்ரோல் வகைக் கரைப்பானைக் கொண்டு பெரிய அளவில் எடுக்கும் முறையும் உருவானது. அதுவும் முனைவுத்தன்மை இல்லாத கரைப்பான்தான். ஆக, தூ யோயோ சூட்டைக் குறைக்கப் போய்ச் சரியான கரைப்பானை அடைந்தார் என்பதே என் கருத்து. அது அவருடைய பெருமையைத் துளியும் குறைக்காது. பலன் சரிந்த மூலிகையைக் கைவிடாமல், "நாம் எடுத்த விதம்தான் தப்போ" என்று கேட்ட முதல் ஆள் அவர்.

அந்தக் காலச் சூழலையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. மருந்து ஆலைகள் முடங்கிக் கிடந்ததால், வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் பெரிய தொட்டிகளில் ஈதரை ஊற்றி இலையை ஊறவைத்தார்கள். காற்றோட்டம் சரியில்லாத அறைகளில் அந்த ஆவியைச் சுவாசித்துப் பலருக்கு உடல்நலம் கெட்டது. தூ யோயோவுக்கே ஈரல் பாதிப்பு வந்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் தாங்களே அந்தச் சாற்றைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். உங்கள் ஆய்வகத்தில் புகைபோக்கி வேலை செய்யவில்லை என்றால் ஈதர் பக்கமே போகாதீர்கள். நாள்பட்ட ஈதர் பாட்டிலில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, எடுத்தாயிற்று. எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளப்பது? ஆர்ட்டிமிசினின் இங்கேயும் படுத்தும். கரைசலில் உள்ள பொருள்களைப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வழக்கமாக இருக்கும் யு.வி. (புற ஊதா) கண்டறிவான், ஒளியை உறிஞ்சும் அமைப்புள்ள மூலக்கூறைத்தான் பார்க்கும். இந்த மூலக்கூறில் பென்சீன் வளையமும் இல்லை, தொடர் இரட்டைப் பிணைப்புகளும் இல்லை. 210 நானோமீட்டர் பக்கத்தில் பலவீனமாக ஒரு பீக் வரும். அந்த அலைநீளத்தில் இலையிலுள்ள மற்ற எல்லாமே உறிஞ்சும் என்பதால் கூட்டத்தில் அது காணாமல் போய்விடும். அதனால் பழைய முறை ஒன்று உண்டு. மாதிரியை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் 50 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தால், ஆர்ட்டிமிசினின் 292 நானோமீட்டரில் நன்றாக உறிஞ்சும் வேறொரு பொருளாக மாறும். அதை அளந்து கணக்குப் போடுவார்கள். ஆவியாக்கி ஒளிச்சிதறலைப் பார்க்கும் கண்டறிவானோ மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோ இருந்தால் இந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. எப்படியானாலும், யு.வி.யில் பீக் வரவில்லை என்பதற்காகப் பொருளே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

செடியின் கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்ட்டிமிசினின் இருப்பது இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். தண்டில் இருப்பது சொற்பம். பூக்கும் தருணத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைந்துவிடும். ஊருக்கு ஊரும் அளவு மாறும். பெய்ஜிங் பக்கத்துச் செடியில் மிகக் குறைவு. சீனாவின் யோயாங் பகுதிச் செடியில் பல மடங்கு அதிகம் என்று தெரிந்த பிறகுதான் அன்றைய ஆய்வு வேகம் பிடித்தது. ஆகவே கடையில் "சிங்ஹாவ்" என்று எழுதி வாங்கிய, தண்டும் இலையும் கலந்த, எப்போது அறுத்தது என்று தெரியாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு "இந்த மூலிகையில் இத்தனை சதவீதம் இருக்கிறது" என்று எழுதினால், அது அந்தப் பொட்டலத்தைப் பற்றிய தகவல் மட்டுமே.

இரண்டாவது ஹுவாங்லியான், தாவரப் பெயர் காப்டிஸ். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மஞ்சள் நிறக் கிழங்குத்தண்டு, நாக்கில் பட்டால் நெடுநேரம் போகாத கசப்பு. காரணம் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட தாவரப்பொருள்). மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் மரமஞ்சளிலும் இதே பெர்பெரின்தான் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

பெர்பெரின் ஒரு நான்கிணைய அம்மோனியம் உப்பு. எப்போதும் நேர்மின்சுமையோடு இருக்கும். அதனால் ஹெக்சேனுக்கு வராது, மெத்தனாலுக்கு வரும், அமிலம் கலந்த மெத்தனாலுக்கு இன்னும் நன்றாக வரும். சீன மருந்தியல் நூல் (மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அரசு நூல்) தரும் முறை மிக எளிமையானது. 0.2 கிராம் பொடியை எடுத்து, நூறு பங்கு மெத்தனாலுக்கு ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த கலவையில் 50 மி.லி. ஊற்றி, மூடியோடு எடை போட்டு வைக்க வேண்டும். சோனிக்கேட்டரில் (ஒலியலைகளால் அதிரவைக்கும் தொட்டியில்) அரைமணி நேரம். ஆறிய பின் மறுபடி எடை போட்டு, குறைந்த அளவுக்கு மெத்தனால் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். பிறகு வடிகட்டி, அதில் 2 மி.லி.யை 10 மி.லி. ஆக்கிக் கருவியில் செலுத்த வேண்டும். எடை போட்டு ஈடுகட்டும் அந்தப் படியைத்தான் மாணவர்கள் தாண்டிவிடுவார்கள். சோனிக்கேட்டர் தண்ணீர் சூடாகும், மெத்தனால் ஆவியாகும். 50 மி.லி. 47 ஆகிப்போனால் கரைசல் அடர்ந்து, விடை 6 சதவீதம் கூடிவிடும். கருவிக்கு இது தெரியாது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். அந்த நூலின்படி காப்டிஸ் சைனென்சிஸில் பெர்பெரின், ஹைட்ரோகுளோரைடாகக் கணக்கிட்டால், 5.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 0.2 கிராமில் 5.5 சதவீதம் என்றால் 11 மில்லிகிராம். 50 மி.லி.யில் அது மி.லி.க்கு 0.22 மில்லிகிராம். ஐந்து மடங்கு நீர்த்த பின் 0.044. உங்கள் ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த தூய பொருளின்) கரைசல்களின் வரிசை இந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் பரவியிருக்க வேண்டும். இதை முன்கூட்டியே போட்டுப் பார்க்காமல் ஸ்டாண்டர்ட் தயாரித்து, மாதிரி வரைபடத்துக்கு வெளியே போய் விழுந்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்வது பல ஆய்வகங்களில் வாடிக்கை.

அந்த நூல் பெர்பெரினோடு நிற்கவில்லை. எபிபெர்பெரின் 0.80, காப்டிசின் 1.6, பால்மட்டின் 1.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் கேட்கிறது. ஏன் நான்கு? மஞ்சளாக, பெர்பெரினோடு இருக்கும் செடிகள் பல. ஹுவாங்பாய் மரப்பட்டையிலும் பெர்பெரின் உண்டு, மரமஞ்சளிலும் உண்டு. பெர்பெரின் ஒன்றை மட்டும் அளந்தால், பட்டைப் பொடியோடு கொஞ்சம் தூய பெர்பெரின் கலந்தவன் சுலபமாகத் தேறிவிடுவான். நான்கும் அந்தந்த விகிதத்தில் இருந்தால்தான் அது ஹுவாங்லியான். இது வெறும் சந்தேகம் இல்லை. சீனச் சந்தையில் ஹுவாங்பாய் பட்டைக்கும் சில மகரந்தப் பொடிகளுக்கும் ஆரமின் ஓ என்ற தொழிற்சாலைச் சாயத்தை ஏற்றி விற்றதை அந்நாட்டு அதிகாரிகளே பிடித்திருக்கிறார்கள். முன்பே ஒருமுறை சாறெடுத்த சக்கையைக் காயவைத்து மறுபடி மூலிகையாக விற்பதும் அங்கே தெரிந்த மோசடிதான்.

நீங்கள் எல்.சி.எம்.எஸ். வைத்திருப்பதால் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெர்பெரின் அயனி 336 என்ற எடையில் வரும். எபிபெர்பெரினும் அதே 336. இரண்டும் மாற்றியங்கள்: அதே அணுக்கள், அதே எடை. மெத்தாக்சித் தொகுதிகளும் மெத்திலீன்டைஆக்சி வளையமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். எடையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கருவியின் பிரிப்புக் குழாயிலிருந்து எந்த நிமிடத்தில் வெளிவருகிறது என்பதை ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால்தான் யார் யார் என்று தெரியும். இது தெரியாமல், கருவியின் நூலகம் (தெரிந்த சேர்மங்களின் தரவுத் தொகுப்பு) காட்டிய பெயர்களையெல்லாம் அப்படியே பட்டியலாக்கி "80 சேர்மங்கள் கண்டறியப்பட்டன" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூலகப் பொருத்தம் என்பது ஒரு யூகம். ஸ்டாண்டர்டோடு ஒத்துப்போனால்தான் அடையாளம். புதிய பொருள் என்று சொல்ல வேண்டுமானால் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி என்.எம்.ஆர். (அணுக்கள் இணைந்திருக்கும் விதத்தைக் காட்டும் சோதனை) எடுக்க வேண்டும். ஆர்ட்டிமிசினினுக்கு அதுவும் போதாமல், 1970களின் நடுவில் எக்ஸ்ரே படிக ஆய்வு செய்த பிறகுதான் அதன் பெராக்சைடு பாலமும் முழு அமைப்பும் உறுதியாயின.

கருவிக்குப் போவதற்கு முன்னால் மெல்லிய பூச்சின் மேல் பொருள்களைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகடு ஒன்று போட்டுப் பாருங்கள். ஹுவாங்லியான் சாற்றில் ஒரு சிறு புள்ளி, பக்கத்தில் பெர்பெரின் ஸ்டாண்டர்ட், அதற்குப் பக்கத்தில் மரமஞ்சள் சாறு. தொட்டியின் ஒரு பக்கம் கொஞ்சம் அம்மோனியா ஊற்றி ஆவி நிறைந்த பிறகு தகட்டை ஓடவிடுங்கள். காய்ந்ததும் இருட்டில் 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் வைத்தால், வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த கறை பளீரென்ற மஞ்சளில் ஒளிரும். ஹுவாங்லியானில் நான்கு அல்லது அதற்கு மேல் ஒளிரும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மரமஞ்சளில் பெர்பெரின் அதே உயரத்தில் நிற்கும், மற்ற புள்ளிகளின் வரிசை வேறாக இருக்கும். ஒரு மணி நேர வேலை, செலவும் அதிகம் இல்லை. உங்கள் பொட்டலத்தில் இருப்பது எது என்று அப்போதே பாதி தெரிந்துவிடும்.

பெர்பெரினைப் பெருமளவில் எடுக்கும் விதமும் ஒரு நல்ல வேதியியல் பாடம். பெர்பெரின் சல்ஃபேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஹைட்ரோகுளோரைடு குளிர்ந்த நீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே பொடியை மிக நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து, வடித்து, சுண்ணாம்பால் சரிசெய்து, பிறகு சாதாரண உப்பும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து வைத்துவிட்டால் மஞ்சள் ஊசிப் படிகங்கள் அடியில் வந்து படியும். ஒரே ஆல்கலாய்டு, எதிர்அயனி (அதோடு சேரும் எதிர்மின் துகள்) மாறியதும் கரைசலை விட்டு வெளியே வருகிறது. இளங்கலை ஆய்வகத்தில்கூடச் செய்துபார்க்கலாம்.

மூன்றாவது கதை துயரமானது. 1990இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட கேப்சூல் கலவையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஃபாங்ஜி, அதாவது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கேப்சூலைச் சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. பொடியைப் பகுத்துப் பார்த்தபோது, ஸ்டெஃபானியாவில் இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரின் பெரும்பாலான மாதிரிகளில் இல்லை. அரிஸ்டலோக்கிக் அமிலம் இருந்தது. ஸ்டெஃபானியாவின் இடத்தில் அரிஸ்டலோக்கியா ஃபாங்ச்சி என்ற வேறு செடியின் வேர் வந்து சேர்ந்திருந்தது. வெட்டிக் காயவைத்த துண்டுகளாகப் பார்த்தால் பிரித்தறிவது கடினம். சந்தையிலும் இரண்டும் ஃபாங்ஜி என்றே புழங்கின.

வேதியியலாளராக இதில் என்னைத் தொந்தரவு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. டெட்ராண்ட்ரின் ஒரு காரம். ஆல்கலாய்டைத் தேடுபவர் வழக்கமாக அமிலநீரில் எடுத்து, வடிகட்டி, காரமாக்கி, குளோரோஃபார்முக்கு மாற்றுவார். அரிஸ்டலோக்கிக் அமிலம், பெயரே சொல்வதுபோல, அமிலம். அது அமிலநீரில் சரியாகக் கரையாமல் சக்கையோடு போய்விடும். கொஞ்சம் கரைந்து வந்தாலும், காரமாக்கும்போது உப்பாகி நீரிலேயே தங்கிவிடும். ஆல்கலாய்டுக்கான பாதையில் மட்டும் போகிறவருடைய கையில் இந்த நஞ்சு அகப்படவே அகப்படாது. அதனால்தான் அறிமுகமில்லாத மூலிகையை ஒரே கரைப்பானில் எடுத்துப் பார்த்துவிட்டு "நச்சு எதுவும் இல்லை" என்று எழுதக் கூடாது என்கிறேன். அரிஸ்டலோக்கியா இனம் என்று சந்தேகம் வந்தாலே மெத்தனாலில் எடுத்து அந்த அமிலத்தைக் குறிவைத்துத் தேட வேண்டும். அதற்கான ஸ்டாண்டர்ட் விலைக்குக் கிடைக்கிறது. 390 நானோமீட்டர் வாக்கில் அது நன்றாக உறிஞ்சுவதால் யு.வி.யிலேயே பிடிக்கலாம்.

சீனா 2003, 2004 ஆண்டுகளில் இந்த இனத்தைச் சேர்ந்த குவான்முதோங்கையும் குவாங்ஃபாங்ஜியையும் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அரிஸ்டலோக்கிக் அமிலத்தை முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக்கொடியும் அரிஸ்டலோக்கியா இனம்தான். இரண்டிலும் இந்த அமிலம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் பழங்காலந்தொட்டு இருக்கிறது என்ற காரணத்துக்காக இவற்றைச் சோதிக்காமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமாக, பாரம்பரியப் பக்குவமே வேதியியலைச் சரியாகச் செய்துவிடும் இடங்களும் உண்டு. ஃபூஸு எனப்படும் அக்கோனைட் கிழங்கில் உள்ள அக்கோனிடின் கொடிய நஞ்சு. நெடுநேரம் காய்ச்சும்போது அதன் எஸ்டர் பிணைப்புகள் ஒவ்வொன்றாக நீராற்பகுப்பில் உடைந்து, நச்சு பன்மடங்கு குறைந்த பொருள்களாக மாறுகிறது. நம் சித்தர் முறையில் நாபி என்ற இதே வகைக் கிழங்கைக் கோமியத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்வதும் நஞ்சைக் குறைக்கத்தான். ஜின்செங்கை ஆவியில் வேகவைத்துச் சிவப்பு ஜின்செங் ஆக்கும்போது அதன் ஜின்செனோசைடுகளில் (அதற்கே உரிய மருந்துப் பொருள்களில்) ஒட்டியிருக்கும் மலோனைல் தொகுதி கழன்று, பச்சைக் கிழங்கில் அநேகமாக இல்லாத ஆர்.ஜி.3 போன்றவை புதிதாக உருவாகின்றன. இதிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: சோதிக்கும் மாதிரி பச்சையா, பக்குவம் செய்ததா என்று தெரியாமல் விடையைப் படிக்க முடியாது. இன்னொன்று: சூடான மெத்தனாலில் மணிக்கணக்கில் ரிஃப்ளக்ஸ் செய்தால் (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழவைத்துக் கொதிக்கவிட்டால்), செடியில் இல்லாத பொருளை நீங்களே கண்ணாடிக் குடுவைக்குள் உண்டாக்கிவிட்டு, அதைச் செடியின் கணக்கில் எழுதிவிடக்கூடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். முழுவதும் எடுத்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் ஸ்பைக் செய்து பார்ப்பார்கள். அதாவது, பொடியில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து, எடுத்து, 98 சதவீதம் திரும்பி வந்தது, முறை சரி என்று எழுதுவார்கள். நீங்கள் சேர்த்த ஸ்டாண்டர்ட் பொடியின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கிறது, கரைப்பான் பட்டதும் வந்துவிடும். செடியின் சொந்தப் பொருள் செல்சுவருக்குள் இருக்கிறது. அது வந்ததா என்பதை ஸ்பைக் சொல்லாது. அதற்கு ஒரே நேர்வழி, வடிகட்டிய சக்கையையே மறுபடி புதுக் கரைப்பானில் எடுத்து அளப்பது. இரண்டாவது சாற்றில் முதலாவதில் இருந்ததில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் நிம்மதி. 15 சதவீதம் வந்தால், பொடி போதுமான அளவு மையாக இல்லை, அல்லது நேரம் போதவில்லை, அல்லது கரைப்பான் பொருத்தமில்லை. மூன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம், மூன்றாவது முறையும் எடுத்துப் பாருங்கள். சக்கையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்ல ஆய்வாளருக்கு அழகு.

கரைப்பானைத் தேர்ந்தெடுக்க, தேடும் பொருளின் இயல்பிலிருந்து தொடங்குங்கள். எண்ணெய்ப்பசையுள்ள, முனைவுத்தன்மையற்ற பொருளுக்குப் பெட்ரோலியம் ஈதர், ஹெக்சேன். வாசனை எண்ணெய்க்கு நீராவி வடித்தல், அதன் பிறகு ஜி.சி.எம்.எஸ். (ஆவியாகும் பொருள்களைப் பிரித்து அறியும் கருவி). ஆல்கலாய்டுக்கு அமிலம் கலந்த ஆல்கஹால். சர்க்கரை ஒட்டிய சப்போனின்களுக்கு மெத்தனாலோ, நீர் நிறைந்த பியூட்டனாலோ. பாலிசாக்கரைடு வேண்டுமென்றால் சுடுநீரில் எடுத்து ஆல்கஹால் ஊற்றி வீழ்படிய வைக்க வேண்டும். என்ன இருக்கிறது என்றே தெரியாத மூலிகை என்றால் ஒரே பொடியை ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால், தண்ணீர் என்று வரிசையாக எடுத்து நான்கையும் தனித்தனியே பாருங்கள். ஆல்கலாய்டு உண்டா என்று பார்க்கும் டிராகென்டார்ஃப், மேயர் போன்ற நிறச் சோதனைகள் எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டுவதற்கு நல்லவை. ஆனால் பிளஸ், மைனஸ் போட்ட அந்த அட்டவணையோடு ஒரு ஆய்வேட்டையே முடித்துவிடுவது, நம் கல்லூரிகளில் நிறைய நடந்தாலும், மூலிகையைப் பற்றி எதையும் சொன்னதாகாது.

மக்கள் கஷாயமாகக் குடிக்கும் மூலிகையை மெத்தனாலில் மட்டும் ஆராய்வதும் யோசிக்க வேண்டிய விஷயம். நோயாளியின் வயிற்றுக்குள் போவது நீர்ச்சாறு. செடியில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி, நோயாளிக்கு என்ன போய்ச் சேருகிறது என்பது வேறு கேள்வி. 1973இல் ஆர்ட்டிமிசினின் மாத்திரையை ஹைனானில் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. மருந்து சரியாகத்தான் இருந்தது, மாத்திரைதான் கரையாமல் கல்லாக இருந்தது. கேப்சூலில் கொடுத்ததும் வேலை செய்தது. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கரைப்பான் அதிலிருந்துதான் முடிவாகும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: வாங்கிய பொட்டலத்திலிருந்து முழுத் துண்டுகள் சிலவற்றைத் தனியே எடுத்து, ஒரு தாவரவியலாளரிடம் காட்டி அடையாளம் உறுதிசெய்து, எண் போட்டு வையுங்கள். மீதியைப் பொடித்துச் சலித்து, ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். இல்லையென்றால் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. ஸ்டாண்டர்டை முதலிலேயே வாங்குங்கள், வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். டி.எல்.சி. போடுங்கள். சக்கையை மறுபடி எடுத்துச் சரிபாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு எல்.சி.எம்.எஸ். கருவிக்கு நேரம் பதிவு செய்யுங்கள். எந்த மூலிகை, எந்தப் பாகம், எங்கே வாங்கியது என்று எழுதினீர்களானால் கரைப்பான் விகிதத்தையும் குழாயையும் பற்றிக் குறிப்பாகச் சொல்கிறேன்.